அமெரிக்கக் கவுண்டிகளில் அரசு மானியம் நஷ்டப்பட்ட விவசாயிக்குத்தான் போய்ச் சேர்கிறதா?

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) விவசாயிகளுக்கு அரசு கொடுக்கும் பணம் உண்மையில் நஷ்டப்பட்டவர்களுக்குத்தான் போகிறதா என்பது கேள்வி. நான் இல்லினாய் மாநிலத்தில், எங்கு பார்த்தாலும் மக்காச்சோளமும் சோயாவுமாக இருக்கும் ஒரு கவுண்டியில், தானியக் கொள்முதல் நிலையத்தில் கணக்கு பார்க்கிறேன். பார்த்தவரைக்கும் என் பதில்: சில வருஷம் போகிறது, சில வருஷம் போவதில்லை. யாரும் திருடுவதால் அல்ல, நஷ்டத்தை அளக்கும் முறை அப்படி.

இங்கே பெரும்பாலோர் இரண்டு திட்டங்களில் ஒன்றில் பதிந்திருப்பார்கள். ஒன்று பி.எல்.சி (விலை இழப்பை ஈடுகட்டும் திட்டம்): சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் வரும். மக்காச்சோளத்துக்கு அது ஒரு புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) 3.70 டாலராக இருந்தது, 2025 சட்டத்தில் 4.10 ஆகியிருக்கிறது. இன்னொன்று ஏ.ஆர்.சி (வருமான இழப்பை ஈடுகட்டும் திட்டம்). சிக்கல் இதில்தான். உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று இதன் வழக்கமான வகை கேட்பதே இல்லை. கவுண்டியின் சராசரி விளைச்சலை எடுத்து, நாட்டின் விலையால் பெருக்கி, முந்தைய வருஷங்களின் வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அதில் 90 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால்தான் பணம் (2024 வரை 86).

எங்களிடம் தானியம் போடும் ஒருவரின் சோயாவை ஒரு கோடையில் ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டது. இலையெல்லாம் கிழிந்து வெறும் தண்டு நின்றது. ஆனால் மழை அடித்தது ஒரு பட்டையில் மட்டும். மற்ற இடங்களில் அமோக விளைச்சல். சராசரி அசையவில்லை, ஏ.ஆர்.சி.யில் அவருக்கு ஒரு பைசா வரவில்லை. பயிர்க் காப்பீடுதான் அவரைக் காப்பாற்றியது. அந்தப் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்படியே ஏ.ஆர்.சி. பணம் வந்தாலும், அறுவடை முடிந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, அடுத்த அக்டோபரில்தான் வரும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அதுவரை காத்திருக்குமா? நம் ஊரில் பயிர்க் காப்பீட்டுக்குக் கிராமத்தையோ பிர்க்காவையோ அலகாக வைப்பதால் வருகிற அதே மனக்குறைதான் இது, இங்கே அலகு இன்னும் பெரியது.

2019-ல் சீனாவுடனான வர்த்தகச் சண்டைக்காகக் கொடுத்த நிவாரணத்தில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை, கவுண்டிக்கு ஒரே விலை. நீங்கள் போட்டது சோயாவா மக்காச்சோளமா என்பதுகூடக் கணக்கில்லை. கவுண்டி எல்லையாக ஒரு சாலை ஓடினால், இந்தப் பக்கத்து நிலத்துக்கு ஒரு தொகை, அந்தப் பக்கத்து நிலத்துக்கு வேறு தொகை. மண் ஒன்று, பயிர் ஒன்று, விற்ற விலையும் ஒன்று.

அப்புறம், இந்த ஏ.ஆர்.சி., பி.எல்.சி. பணம் வருவது இப்போது விதைத்த ஏக்கருக்கு அல்ல, முன்பு அந்த நிலத்தில் இந்தப் பயிர்களைப் போட்டதாக அரசிடம் உள்ள பழைய பதிவின் ஏக்கருக்கு, அதிலும் 85 சதவீதத்துக்கு. காய்கறி போடுகிறவருக்கு அந்தப் பதிவே பெரும்பாலும் இருக்காது. நிலம் அதிகம் இருந்தால் பணமும் அதிகம். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு (2025 சட்டத்தில் 1,55,000 டாலர்). ஆனால் கூட்டாகப் பண்ணை நடத்தினால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு. 2018 சட்டத்தில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள். இது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

சொந்த வயலின் வருமானத்தைப் பார்க்கும் ஏ.ஆர்.சி. வகை ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதில் 85-க்குப் பதிலாக 65 சதவீத ஏக்கருக்குத்தான் பணம் என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. உச்சவரம்பில் உள்ள ஓட்டையை அடைத்து, அந்த 65-ஐ 85 ஆக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.