ராண்டம் என்று பெயர் வைத்ததால் வந்த வினை

கேள்வி: பகடை உருட்டும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதி, அதில் தற்போக்கு எண்கள் தரும் ராண்டம் மாட்யூலை (ஆயத்த நிரல் தொகுப்பை) இம்போர்ட் செய்து, அதாவது என் நிரலுக்குள் ஏற்றி, கோப்புக்கும் ராண்டம் என்றே பெயர் வைத்தேன். ஓட்டிப் பார்த்தால், அந்த மாட்யூலில் முழு எண் தரும் ராண்டின்ட் என்ற செயற்கூறு இல்லை என்றும், சுழற்சி இம்போர்ட் காரணமாக இருக்கலாம் என்றும் பிழைச்செய்தி வருகிறது. பைத்தானை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் பைத்தானில் குறை ஏதும் இல்லை, கோப்பின் பெயரை மாற்றுங்கள், நிரல் ஓடும்.

இம்போர்ட் கட்டளையைக் கண்டதும் பைத்தான், அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று, ஏற்றியவற்றின் பதிவான சிஸ்.மாட்யூல்ஸில் பார்க்கிறது, இல்லையென்றால், தனக்குள்ளேயே பொதிந்த மாட்யூல்களைப் பார்த்துவிட்டு, சிஸ்.பாத் பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடுகிறது. அந்த வரிசையில் முதலிடம், நீங்கள் ஓட்டும் நிரல் இருக்கும் கோப்புறைக்கே உரியது. பைத்தானோடு வரும் நூலகம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. ஆகவே உங்கள் கோப்பு தன்னையே மாட்யூலாக எண்ணி இரண்டாம் முறை ஏற்றத் தொடங்குகிறது. அந்தப் பாதி ஏறிய நிலையில் அதனிடமே ராண்டின்டைக் கேட்டால், அது எங்கிருந்து தரும்? பிழைச்செய்தி சுழற்சி என்று சொன்னது இதைத்தான்.

இந்தப் பிழை அந்த ஒரு நிரலோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தற்காலிகக் கோப்புகளை உருவாக்கும் டெம்ப்ஃபைல் மாட்யூல் உள்ளுக்குள் ராண்டத்தை இம்போர்ட் செய்கிறது. எனவே அதே கோப்புறையில் டெம்ப்ஃபைலைப் பயன்படுத்தும் வேறொரு நிரலும், ராண்டம் என்ற சொல்லே அதில் இல்லாதபோதும், முறிந்து விழும். மாறாக, டைம் என்று பெயரிட்டால் பிழை வராது. அது உள்ளே பொதிந்த மாட்யூல் என்பதால், உங்கள் கோப்பைப் பைத்தான் கண்டுகொள்ளவே செய்யாது.

எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்று ஐயம் வந்தால், இம்போர்ட் வரிக்கு அடுத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் கொண்ட ஃபைல் என்ற, அந்த மாட்யூலின் பண்பை அச்சிட்டுப் பாருங்கள். முழு முகவரி தெரிந்துவிடும். 3.13 பதிப்பிலிருந்து, கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி பிழைச்செய்தியே சொல்கிறது. கற்பவர்களுக்கு இது பெரிய உதவி. 3.11 முதல் இருக்கும் பெரிய எழுத்துப் பி என்ற கட்டளைத் தெரிவு, நிரலின் கோப்புறையைத் தேடலில் சேர்க்காது. ஆனால் அப்போது நீங்கள் எழுதிய துணை மாட்யூல்களும் கிடைக்காமல் போகும் என்பதால், உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.