கை நனைத்தல்

அன்புள்ள ஐயா,

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன தையில் தவறிவிட்டார். அவர் பெட்டியில் மொய் நோட்டு இருந்தது. 72 வீட்டுக்கு நாங்கள் திருப்பிச் செய்யவேண்டியிருக்கிறது. ஆடி பிறந்ததும் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிட்டன. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் நாலு மொய்விருந்துக்கு என்னால் போய்வர முடியாது. அவரவர் தொகையை ஜிபேயில் அனுப்பி நோட்டை முடித்துவிடலாம் என்றால் அம்மா அழுகிறார். இந்தக் கடன் வியாபாரத்துக்கு விருந்து என்று பெயர் வைப்பது நியாயமா?

ம., சென்னை

அன்புள்ள ம.,

அப்பா இல்லாத முதல் ஆடி. கடிதத்தில் கோபம் இருக்கிறது. எனக்கு முதலில் பட்டது அந்த வீட்டின் வெறுமைதான். அம்மாவைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

கடனா என்றால், கடன்தான். வட்டிக்காரன் வாசலில் நிற்காமல், விருந்து வைத்து மொய்யாகப் பணம் புரட்ட கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிச் சனங்கள் கண்ட வழி. ஒருவர் 5 வருஷத்துக்கு ஒருமுறைதான் வைக்கலாம் என்று கட்டுப்பாடும் உண்டு. இதில் கேவலம் எதுவுமில்லை.

ஆனால் 'அவரவர் தொகையை அனுப்பி' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நோட்டை மறுபடி பாருங்கள், புதுநடை என்று எழுதியிருக்கும். வாங்கிய 1,000 ரூபாயோடு 500 சேர்த்துச் செய்கிறோமே, அது வட்டி அல்ல. அவர் நமக்குத் திரும்பச் செய்யவேண்டியது. நமக்குள் இன்னும் போக்குவரத்து உண்டு என்று சொல்லும் பணம். சரிக்குச் சரி கொடுத்தால் நடை முடிந்தது. 72 வீட்டை ஒரே நாளில், ஒரு விரலால் அறுத்துவிடுகிறேன் என்கிறீர்கள். அம்மா அழாமல் என்ன செய்வார்?

அதைவிடப் பெரிய தப்பு, சாப்பிடாமல் பணத்தை மட்டும் அனுப்புவது. விருந்து கொடுத்தவர்களைப் பாடிக்கொண்டே இருக்கிறோம். மழை இரவில், விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்து சோறாக்கிப் போட்டார் இளையான்குடி மாறனார். சரி, அந்தச் சோற்றை ஏற்றுக்கொள்வது பெரிய காரியம் இல்லையா? பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதமாகும்வரை கை நனைக்கமாட்டார்கள். பகையாளி வீட்டில் நனைக்கமாட்டார்கள். சாதி பார்க்கிறவன் எங்கே நனைக்கமாட்டான் என்று உங்களுக்கே தெரியும். சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காக 1924-25இல் தமிழ்நாடே சண்டை போட்டது. சோற்றுக்காகவா போட்டது?

எனக்கு இது தெரிந்தது 1989இல். கல்லூரியில் கூடப் படித்தவனின் தங்கைக்குச் சடங்கு. காலனிக்குள் அன்றுதான் முதல்முறை போகிறேன். 51 ரூபாய் மொய் எழுதினேன். இலை போட்டுவிட்டார்கள். "கை நனைச்சிட்டுப் போங்க தம்பி" என்றார் அவன் அம்மா. எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "வயிறு சரியில்லம்மா" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். நம் பக்கத்தில் விசேஷ வீட்டிலிருந்து அப்படியெல்லாம் தப்பிவர முடியாது, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். அந்த அம்மா இரண்டாம்முறை கேட்கவில்லை. "சரிங்க" என்று இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான், அவர் ஏன் வற்புறுத்தவில்லை என்று உறைத்தது. அந்த வாசலில் வயிறு சரியில்லை என்று சொன்னவர்கள் எனக்குமுன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! முகம் திரிந்து பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறது குறள். விருந்துக்கு அழைத்தவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். வாடவைத்தவன் நான்.

அடுத்த வருஷம் என் அக்கா கல்யாணத்துக்கு அவர் வந்தார். 51க்கு 101 எழுதினார். பிறகு பந்தியில் உட்கார்ந்து, சாம்பார், ரசம், பாயசம் என்று ஒன்றுவிடாமல், நிதானமாகச் சாப்பிட்டார். பரிமாறிக்கொண்டிருந்தவன் நான். மோர் ஊற்றும்போது கை நடுங்கியது. "நல்லா இருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் யார் யாருக்கு விருந்து வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

72 வீட்டுக்கும் போக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தூரத்து வீடுகளுக்கு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், புதுநடையோடு. ஆனால் இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். உங்கள் அப்பா விரும்பிச் சாப்பிட்ட வீடு எது என்று அம்மாவைக் கேளுங்கள். அந்த விருந்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காருங்கள்.