சின்க்ளேர் கம்பெனியின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று வாங்கினேன், உள்ளே "இஷ்யூ 2" (அதாவது இரண்டாம் பதிப்பு) சர்க்யூட் போர்டு இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அநேகமாக இல்லை. லண்டனில் பழைய சாமான் விற்கும் ஒரு கார் பூட் சந்தையில் நான் வாங்கியதும் இதே ரகம்தான்.

ரப்பர் சாவி வைத்த ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் சாவியோடு பிளஸ் வந்தது 1984 அக்டோபரில். புதுசு என்றால் பெட்டியும் கீபோர்டும் ரீசெட் பட்டனும்தான், உள்ளே அதே 48கே (48 கிலோபைட் மெமரி). அதனால் பழைய மெஷின் வைத்திருந்தவர்களுக்குச் சின்க்ளேர் கம்பெனியே மாற்றுக் கிட் விற்றது. போர்டைக் கழற்றிப் புதுப் பெட்டியில் உட்கார வைத்து, ரீசெட்டுக்கு இரண்டு வயரைச் சால்டர் பண்ண வேண்டும். உங்கள் போர்டு அப்படிக் குடி மாறி வந்ததாக இருக்கலாம். பின்னாளில் யாரோ இரண்டு மெஷினை ஒன்றாக்கியும் இருக்கலாம். பிளஸ் தயாரான காலத்தில் இஷ்யூ 2 போர்டெல்லாம் பழைய கதை, ஆகவே ஃபேக்டரியில் சேர்ந்த ஜோடி இல்லை.

திறக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. எந்தச் சாவியையும் அழுத்தாத நிலையில் 'பிரிண்ட் இன் 254' கொடுங்கள். இஷ்யூ 2 என்றால் 255 வரும், இஷ்யூ 3-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 191. ('இன்' என்பதை எழுத்தெழுத்தாக அடித்தால் வேலைக்காகாது, எக்ஸ்டெண்ட் மோடு போய், சிம்பல் ஷிஃப்டோடு ஐ சாவி.) அடுத்து 'பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733'. 65535 வந்தால் 48கே முழுசாக இருக்கிறது. 32767 வந்தால் அது 16கே போர்டு, அல்லது மேல் மெமரி செத்துவிட்டது. பிளஸ் 16கே-யாக விற்கப்பட்டதே இல்லை.

திறந்தால் ஒன்று கண்ணை உறுத்தும். கம்ப்யூட்டரின் மூளையான இசட்80 சிப்பின் மேலேயே ஒரு டிரான்சிஸ்டர், கால்களை அங்கங்கே ஒட்டவைத்து, சிலந்தி மாதிரி. எவனோ கைக்கு வந்தபடி ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று நானும் நினைத்தேன். பிடுங்கிவிடலாம் என்று சால்டரிங் அயர்னைச் சூடுகூடப் பண்ணிவிட்டேன். நல்லவேளை, அதற்குமுன் சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். அது ஃபேக்டரி வேலை! இஷ்யூ 2 வடிவமைப்பில் இருந்த பிழைக்குக் கம்பெனியே போட்ட ஒட்டு. இஷ்யூ 1-ல் இன்னும் வேடிக்கை: ஒரு சிப்பையே கவிழ்த்துப்போட்டு வயர் இழுத்திருப்பார்கள், அதற்குச் செல்லப்பெயர் செத்த கரப்பான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் பிடுங்காதீர்கள்.

நிஜமான பிற்கால வேலை வேறு இடத்தில் தெரியும். படத்தை டிவிக்கு அனுப்பும் மாடுலேட்டரில் கம்போசிட் வீடியோவுக்காக மாற்றிய வயர், வோல்டேஜைச் சீராக்கும் பழைய 7805-க்குப் பதிலாகப் பளபளவென்று ஒரு குட்டி ரெகுலேட்டர், சிப்பின் முதுகில் போர்டைவிடப் புதிய தேதி. 8423 என்றால் 84-ஆம் வருடம், 23-ஆவது வாரம்.

அடாப்டரை மட்டும் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். இதற்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். திறக்கும்போது கீபோர்டு ரிப்பனை நேராக மேலே இழுங்கள், வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கினாலும் புது மெம்பிரேன் (சாவிகளுக்கு அடியில் ரிப்பனோடு இருக்கும் தாள்) இப்போது விற்கிறார்கள், நானே ஒன்று வாங்கிப் போட்டேன்.