ஆவணப்படம் எடுக்கும் முன்: யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

கேள்வி: ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆவணப்படம் எடுக்க நினைக்கிறோம். கையில் இருப்பது போன் மட்டும்தான். நல்ல கேமரா கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? யூடியூபில் போட்டால் ஏதாவது மாறுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், போன் போதும். ஒரு காலர் மைக் மட்டும் வாங்கிவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். யூடியூபில் போடுங்கள், ஆனால் அங்கே தேடி வந்து பார்ப்பவர்களில் பலர் ஏற்கெனவே உங்கள் பக்கம்தான். இதில் முடிவெடுக்கும் ஆள் யார், அவரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு வரியில் எழுதுங்கள். 'விழிப்புணர்வு' என்று எழுதினால் செல்லாது. 'கழிவுநீர்ச் சோதனை முடிவை மாதந்தோறும் வெளியிட வேண்டும்' என்று எழுதினால், யாரைப் பேட்டி எடுப்பது, எடிட்டிங்கில் எதைத் தூக்குவது என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

யாருக்குக் காட்டுவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீன்பிடித் தொழில் நொடிந்து, மக்களை வேறு இடத்துக்குக் குடியேற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ, ஒரே பெரிய படமாக எடுக்காமல் 20க்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்து, முதலில் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார். ஓர் ஊர்க்காரர் பேசியதை அடுத்த ஊர்க்காரர் திரையில் பார்த்து, 'அட, நமக்கும் இதே கதைதானே' என்று பேச ஆரம்பித்தார்கள், அவர்கள் சம்மதித்த பிறகுதான் படங்கள் அரசிடம் போயின. மக்கள் தீவிலேயே தங்கினார்கள், மீனவர் கூட்டுறவும் உருவானது. படம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே ஏற்கெனவே ஒரு மேம்பாட்டுக் குழு இயங்கிவந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் அமைப்பு பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையிட்ட மறுநாள் யார் மனுவை எடுத்துக்கொண்டு போவது?

அடுத்தது பாதுகாப்பு, இதில்தான் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளி பேச வந்தால், எடிட்டிங்கில் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அசல் ஃபுட்டேஜ் வேறு யார் கையிலாவது சிக்கினால் முடிந்தது கதை. ஆரம்பத்திலேயே முதுகுப் பக்கமிருந்து, அடையாளம் தெரியாத இடத்தில் எடுங்கள். குரலைப் பிறகு மாற்றினாலும் அசலில் அவர் குரல் இருக்கும், ஆகவே அந்தக் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வையுங்கள். ரஃப் கட்டை, அதாவது முதலில் வெட்டி ஒட்டிய வடிவத்தை, அவரிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். கழிவுநீர் கலக்கும் காட்சிகளை மெசேஜ் செயலியில் அனுப்பி வாங்காமல் அப்படியே காப்பி எடுங்கள், செயலி வழியாகப் போனால் கோப்பு சுருங்குவதோடு, அதில் பதிந்திருக்கும் தேதி, இடம் போன்ற விவரங்களும் பெரும்பாலும் போய்விடும்.

யாருமே கேமரா முன் வரப் பயந்தால்? அப்போது நாடகம் உதவும். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற நாடகத்தில், பார்வையாளர் நடுவில் நிறுத்தச் சொல்லி மேடையேறி, 'நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்' என்று நடித்துக் காட்டலாம். பெயர், முகம் எதுவும் பதிவாகாமலேயே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கே துணிந்து பேசுகிறவர்களில் ஒருவர் பிறகு கேமரா முன்னும் வரக்கூடும், வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.