சீட்டும் சமையலும்

அன்புள்ள ஐயா,

செவ்வாயின் கேல் பள்ளத்தில் 2012 முதல் இயங்கிவரும் கியூரியாசிட்டி ரோவரைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். ஏழு மீட்டர் தொலைவிலிருந்தே லேசரால் பாறையைச் சுட்டு அதிலுள்ள தனிமங்களை அறியலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அத்தனை பாடுபட்டுப் பாறையைத் துளையிடுவது எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமான கேள்வி. அதைக் கட்டுரையிலேயே விளக்காமல் விட்டது என் பிழை.

லேசர், அரை மில்லிமீட்டர் அளவிலான ஒரு புள்ளியை ஆவியாக்கிப் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாக, ஒளிரச் செய்கிறது; அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மளிகைச் சீட்டில் துவரம்பருப்பும் புளியும் தக்காளியும் இருப்பதைக் கொண்டு அந்த வீட்டில் வைத்தது சாம்பாரா ரசமா என்று சொல்லிவிட முடியாது. தனிமப் பட்டியலும் அவ்வளவுதான்: அதே தனிமங்கள் வேறு முறையில் அடுக்கப்பட்டால் வேறு கனிமம் ஆகிவிடும்.

2013 பிப்ரவரியில் ‘ஜான் க்ளைன்’ என்று பெயரிடப்பட்ட சேற்றுப்பாறையில் ரோவர் 6.4 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டபோது, சிவந்த மேற்பரப்புக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தூள் வந்தது. தனிமங்களை மட்டும் பார்த்தால் அந்தப் பாறை செவ்வாயில் எங்கும் கிடக்கும் பசால்ட் எரிமலைப் பாறையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அங்கு நீர் இருந்ததென்று அந்தப் பட்டியலைக் கொண்டு அடித்துச் சொல்லியிருக்க முடியாது. ரோவரின் உடலுக்குள் இருக்கும் கெமின் கருவி அதே தூளின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் கோணங்களிலிருந்து அணுக்களின் அடுக்கு முறையைக் கணித்தபோதுதான், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம் என்பது தெரிந்தது. பசால்ட்டில் காணப்படும் ஆலிவின் என்னும் கனிமம் இருந்த இடத்திலேயே நீருடன் வினைபுரிந்து களிமண்ணாக மாறியிருக்கிறது. தனிமங்கள் அடித்துச் செல்லப்படாததால் பட்டியல் மாறவில்லை. அந்த நீர் கடும் அமிலமாகவோ மிகுந்த உப்பாகவோ இருந்திருக்கவும் வாய்ப்பில்லை.

எக்ஸ் கதிரின் விடையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் துளையிட்ட சில மாதிரிகளில் ஜிப்சம் இருந்தது. நிலக்கடலைக்கு இடுகிறோமே, அதே ஜிப்சம்தான். ரோவருக்குள் இருந்த வெப்பத்திலும் வறட்சியிலும் அது சில நாட்களில் நீரை இழந்து பாசனைட்டாக, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் உள்ள கனிமமாக, மாறத் தொடங்கியது. ஆகவே அந்த மாதிரிகளைப் பொறுத்தவரை, அளவீடு துளையிட்ட எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே முடிவை வாசிக்க வேண்டியிருக்கிறது.