பத்தரை மணிக்கு மேல்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழில் எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே சிங்கப்பூரின் வெள்ளி, சனி இரவுகளைப் பற்றியவை: கிளார்க் கீ, போட் கீ ஆற்றோர மதுக்கூடங்கள், தேக்கா (லிட்டில் இந்தியா) உணவகங்கள், வீடு திரும்பும் வழி.

கேள்வி: நண்பர் வேலை மாறி மெல்பர்ன் போகிறார். ஆறு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை இரவு விருந்து கொடுக்கிறோம். இருவர் குடிப்பதில்லை, ஒருவர் சைவம். கிளார்க் கீயிலேயே சாப்பாடு, குடி இரண்டையும் முடித்துவிடலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம். சாப்பாட்டைத் தேக்காவில் முடித்துவிட்டு ஆற்றோரம் போங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் மது நேராகச் சிறுகுடலுக்கு இறங்கி மளமளவென்று ரத்தத்தில் ஏறும். வயிற்றில் சோறு இருந்தால் அங்கேயே தங்கி மெதுவாக இறங்கும். குடிக்காத இருவருக்கும் அன்றைய இரவில் மிஞ்சப்போவது அந்தச் சாப்பாடுதான். அதை ஆற்றோரத்துப் பொரித்த உருளைக்கிழங்கோடு முடித்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமில்லை.

ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைக் கடைகளில் மாலை 6.30க்கு உட்கார்ந்துவிடுங்கள். ஏழரைக்கு மேல் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முதலில் சொல்ல வேண்டியது மீன்தலைக் கறி, ஏனென்றால் அதுதான் வரத் தாமதமாகும். கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகச் சிங்கப்பூரில் ஆக்கிய குழம்பு இது. அதனால்தான் இந்தியாவில் இதே உருவத்தில் கிடைப்பதில்லை. ஆறு பேரில் சைவர் போக ஐவருக்குப் பெரிய தலை ஒன்று போதும். தட்டு வந்ததும் கரண்டியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விடுங்கள். உருண்டையாக, முள்ளில்லாமல் வரும் அந்தச் சதைதான் தலையிலேயே சிறந்தது, ஆறினால் இறுகிவிடும். அதைப் பயணம் போகிறவர் இலையில் வையுங்கள். வெண்டைக்காயும் அன்னாசியும் மீன் குழம்பிலேயே வெந்தவை, சைவ நண்பருக்கு ஆகாது. அவருக்கு சாம்பார், கூட்டு, பொரியல் தனியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறைச்சி மணமே ஒத்துக்கொள்ளாது என்பவராக இருந்தால் சிராங்கூன் சாலைப் பக்கம் முழுச் சைவக் கடைக்கே எல்லாரும் போய்விடுங்கள். மீன்தலை இன்னொரு நாள் ஆகட்டும்.

எட்டரைக்கு எழுந்தால் லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில் ஏறி, தோபி காட் தாண்டி, இரண்டாவது நிறுத்தமான கிளார்க் கீயில் இறங்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு சிக்கல் உண்டு. சலுகை நேரமான ‘ஹேப்பி அவர்’ பல கடைகளில் இரவு எட்டு வாக்கில் முடிந்துவிடும். காசு முக்கியம் என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: வேலை முடிந்ததும் சமோசாவோ புரோட்டாவோ உள்ளே தள்ளிவிட்டு 5.30க்குப் போட் கீ, 8.30க்குத் தேக்காவில் சோறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு பேரும் கிளார்க் கீ நிலைய வாசலில் நின்று ‘எங்கே போகலாம்’ என்று பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும்.

குடிக்காத இருவர் விஷயத்தில் ஒன்று. மொத்தத்தை ஆறால் வகுக்காதீர்கள். உட்காரும்போதே பணியாளரிடம் மதுவுக்கு ஒரு பில், மற்றதுக்கு ஒரு பில் என்று கேளுங்கள். கடைசியில் கேட்டால் பிரித்துத் தர மாட்டார்கள்.

கேள்வி: பட்டியலில் ஒரு பைன்ட் பீர் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பில்லில் 21 வெள்ளி 58 காசு. கேட்காமலே வைத்த கடலைக்கும் ஈரத்துணிக்கும் தனிக் காசு. ஏமாற்றிவிட்டார்களா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: பீர் கணக்கில் ஏமாற்று இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம்: 18 வெள்ளி 19.80 ஆகிறது. இரண்டாவது 9 சதவீதப் பொருள் சேவை வரி. அது சேவைக் கட்டணம் சேர்ந்த தொகைமேல்தான் விழும்: 21.58. ஆகவே கூட்டல் குறி இரண்டு கண்டால் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். சேவைக் கட்டணம் வாங்கியபின் மேசைமேல் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை, இங்கே அந்த வழக்கமும் இல்லை.

கடலையும் ஈரத்துணியும் வேறு சங்கதி. வைத்தவுடனே ‘எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். பிரித்துவிட்டால் உங்களுடையது. தண்ணீருக்கும் பல இடங்களில் காசு, குழாய்த் தண்ணீரா போத்தலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பைன்ட் என்ற சொல்லையும் நம்பாதீர்கள். ஒரு கடையில் அது 568 மில்லி, இன்னொன்றில் 500, மற்றொன்றில் 473. 473 மில்லி 16 வெள்ளி என்றால் நூறு மில்லிக்கு 3.38. பக்கத்துக் கடையில் 568 மில்லி 17 வெள்ளி என்றால் 2.99. விலை கூடியதுதான் மலிவு! ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ சலுகையில் சில கடைகள் இரண்டு கோப்பையையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்துவிடும். நம் ஊர் வெக்கையில் இரண்டாவது கால் மணி நேரத்தில் வெதுவெதுவென்று ஆகிவிடும். பிறகு கொடுப்பீர்களா என்று கேளுங்கள், சில கடைகள் சம்மதிக்கும். மேசைமேல் வைக்கும் மூன்று லிட்டர் பீர்க் குழாயான ‘டவரும்’ அப்படித்தான்: ஆறு பேருக்குத் தலைக்கு 500 மில்லி, சுறுசுறுப்பாகக் குடித்தால் சரி. இரண்டு பேர் எடுத்தால் நடுவில் இருக்கும் ஐஸ் குழாய் உருகி, அடியில் கிடப்பது சூடேறி நுரை மட்டும்தான் வரும்.

ஏன் இவ்வளவு விலை என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகை ஒருபுறம். தீர்வை மறுபுறம்: பீரில் இருக்கும் சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி, விஸ்கி, ஒயின் வகைகளுக்கு 88 வெள்ளி. 5 சதவீத பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. கடைக்காரர் லாபம் பார்க்குமுன் அதில் 1.50 வெள்ளி தீர்வையாகப் போய்விட்டது.

போட் கீ பக்கம் நண்டு சாப்பிடப் போகிறவர்களுக்கும் இதோடு சொல்லிவிடுகிறோம். வாசலில் நின்று கூப்பிடுபவர் சொல்லும் விலை நூறு கிராமுக்கானதா, ஒரு நண்டுக்கா என்று கேளுங்கள். நூறு கிராம் 11 வெள்ளி என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். 1.2 கிலோ நண்டு 132 வெள்ளி, வரியும் கட்டணமும் சேர்ந்து 158.27. கண்முன்னே எடை போட்டு, மொத்தத்தைச் சீட்டில் எழுதித் தந்தபின் சமைக்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் உட்கார வேண்டாம்.

கேள்வி: மதுக்கூட விலை கட்டுப்படியாகவில்லை. கடையில் பீர் டின் வாங்கிக்கொண்டு ஆற்றின் மேலுள்ள ரீட் பாலத்தில் உட்கார்ந்து பேசலாமா?
— செங்காங் வாசகர்

பதில்: இரவு 10.30 வரை உட்காரலாம். அதற்குமேல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது 2015 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கூடாது. பாலம், பூங்கா, கடற்கரை, உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளம் எல்லாமே பொது இடம். அபராதம் 1,000 வெள்ளி வரை. மறுபடி பிடிபட்டால் 2,000 வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 10.25க்கு வாங்கிய டின் என்று வாதாடிப் பயனில்லை. எப்போது வாங்கினீர்கள் என்பது கணக்கல்ல, எப்போது குடிக்கிறீர்கள் என்பதே கணக்கு. உரிமம் பெற்ற கடையின் வெளி மேசையில் அதன் உரிம நேரம் முடியும்வரை குடிக்கலாம். அந்தக் கோப்பையோடு எழுந்து பாலத்துக்கு நடந்தால் சட்டம் மாறிவிடுகிறது, கவனம்.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக்கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் ஒரு மிடறும் கூடாது. பொது விடுமுறைக்கு முந்தைய மாலை 7 முதல் விடுமுறைக்கு மறுநாள் காலை 7 வரையும் அப்படியே. தண்டனையும் ஒன்றரை மடங்கு. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பிமார் ஞாயிறன்று தேக்காத் திடலில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் அத்தான் மூன்று பைன்ட் குடித்துவிட்டு, ‘ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்தால் தெளிந்துவிடும்’ என்று காரை எடுக்கிறார். அக்காவுக்குப் பயம். என்ன சொல்லித் தடுப்பது?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கணக்கைச் சொல்லுங்கள். 500 மில்லி, 5 சதவீதம், மூன்று கோப்பை: 75 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 59 கிராம். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 10 கிராம்தான் கரைக்கும். ஆக, ஆறு மணி நேரம். கோப்பி ஓ தூக்கத்தைக் கலைக்கும், ஈரலை அவசரப்படுத்தாது. தெளிந்துவிட்டோம் என்ற எண்ணத்தை மட்டும் கொடுப்பதால் அதுவே ஆபத்து. பச்சைத் தண்ணீர்க் குளியலும் அப்படித்தான். இரவு 11 மணிக்குக் கடைசிக் கோப்பையை வைத்தவர் அதிகாலையில் கார் எடுத்தாலும் ரத்தத்தில் மது இருக்கலாம்.

சட்ட வரம்பு 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம், 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். முதல் முறையே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறையும் உண்டு, குறைந்தது இரண்டு ஆண்டு ஓட்டத் தடை. காரில் உட்கார்ந்து தூங்கிவிட்டுப் போகிறேன் என்பதும் காப்பாற்றாது, போதையில் வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பதும் வழக்காகும்.

நடக்கக்கூடிய வழி: காரை வீட்டிலேயே விடுவது. எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றால், உங்கள் காரையே ஓட்டிவந்து வீட்டில் விடும் வாடகை ஓட்டுநர் சேவை இருக்கிறது. முதல் கோப்பைக்கு முன்பே பதிவு செய்யுங்கள். மூன்றாவதற்குப் பின் யாரும் ‘எனக்கு ஓட்டுநர் வேண்டும்’ என்று சொல்வதில்லை.

ரயிலில் போகிறவர்கள் 11.30க்கு நடைமேடையில் நிற்க வேண்டும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி வந்தாலும், தோபி காட்டில் மாறும் இடத்தில் இணைப்பு தவறும். பழைய நைட்ரைடர், நைட் அவுல் இரவுப் பேருந்துகள் 2020இல் நின்றவை திரும்ப வரவேயில்லை. நள்ளிரவிலிருந்து காலை 6 வரை டாக்சி மீட்டரில் பாதி கூடும். ஆக 11.50க்கே ஏறிவிடுவது நல்லது.

கேள்வி: தமிழ்ப் பாட்டு நேரடியாகப் பாடும் லவுஞ்சுக்கு முதன்முறை போகிறோம். ‘மாலை போடுவீர்களா’ என்று கேட்பார்களாமே?
— ஜூரோங் வாசகர்

பதில்: கேட்கும் இடங்கள் உண்டு. பாடுபவருக்கோ ஆடுபவருக்கோ வாடிக்கையாளர் பெயரில் துணிமாலை போடுவார்கள். அது பூவுக்கான விலை அல்ல, அன்பளிப்பு. 50 வெள்ளியில் தொடங்கி ஆயிரங்கள்வரை போகும். காசு அப்போது கைமாறாமல் உங்கள் மேசைக் கணக்கில் ஏறும், தவறு நடப்பது அங்கேதான். சத்தத்தில் பணியாளர் காதருகே ஏதோ கேட்பார், நீங்கள் பாட்டுக்குத் தலையாட்டுவீர்கள், அது சம்மதமாகிவிடும்.

உட்காருமுன் மேலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மேசைக்குக் குறைந்தபட்சச் செலவு எவ்வளவு? போத்தல் விலையில் சோடாவும் கோக்கும் சேர்த்தியா? பாட்டு கேட்டுச் சீட்டு எழுதினால் காசு உண்டா? பிறகு, ‘என் கையெழுத்து இல்லாமல் மாலை எதுவும் பில்லில் ஏறக்கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். பாடகரை மனதாரப் பாராட்ட விரும்பினால் ஒரு தொகையை முதலிலேயே முடிவு செய்து, இடைவேளையில் ஒரே முறை கொடுங்கள். நல்ல குரலுக்குக் கொடுப்பதில் குறையொன்றுமில்லை, பக்கத்து மேசையோடு போட்டி போடுவதுதான் சம்பளத்தைத் தின்னும்.

மீந்த போத்தலைப் பெயர் எழுதி, அளவுக் கோடு போட்டு வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. எத்தனை நாள் வைப்பார்கள் என்று கேட்டு, கோட்டோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் மைத்துனர் வேப் (மின்சிகரெட்) கொண்டுவரலாமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: கூடாது. கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல், பெரியவர்களுக்கு முதல் முறை அபராதம் 700 வெள்ளி. விமானம் ஏறுமுன்னே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கூட வந்தவர் மேசையில் சாய்ந்துவிட்டார். ‘தூங்கட்டும்’ என்று விடலாமா? எப்போது ஆம்புலன்ஸ்?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: தனியே விடக் கூடாது. கடைசிக் கோப்பைக்குப் பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். சாய்ந்தபோது இருந்ததைவிட அரை மணி கழித்து மோசமாகலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை உலுக்குங்கள். கண் திறந்து பதில் சொன்னால் உட்காரவைத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோரும் எலுமிச்சைச் சாறும் உட்பட. மல்லாக்கப் படுக்கவிடாமல் பக்கவாட்டில் திருப்பி, மேல்காலை மடக்கி, கன்னம் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போகாமல் வெளியே வடியும்.

பிறகு கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்குமேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம், உடல் சில்லிட்டுப்போதல், வலிப்பு, உலுக்கியும் எழாமை: இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995. விழும்போது தலை இடித்திருந்தாலும் அழையுங்கள், அது வெறும் போதையாக இல்லாமல் போகலாம். பில் கட்டவில்லையே, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று தாமதிக்காதீர்கள். கடையின் பெயர், எந்தத் தளம், ஆற்றின் எந்தக் கரை, எத்தனை மணி முதல் என்ன குடித்தார், வேறு மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்று சொல்லுங்கள். ஒருவர் அவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வாகனம் வந்து நிற்கும் சாலைக்குப் போய்க் கை காட்டட்டும், கிளார்க் கீயின் உள்பாதையில் வாகனம் நுழையாது.