கணினி கேள்வி–பதில்: பதினான்கு கல், ஒரு தோசை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான், சர்வர் ப்ராசஸர், அதாவது பல கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்து கொடுக்கிற பெரிய மிஷினின் மூளை. ரங்கூன் கடைகளில் இன்டெல்லின் பழைய சர்வர் ப்ராசஸரான ஜியான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது போல. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பேசிவிடலாம்.

கேள்வி: அண்ணா, தாமுவேயில் கல்யாணம், காதுகுத்து, கோயில் தீமிதி என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 14 கோர் ஜியான் இ5-2680 வி4, போர்டு, 32 ஜிபி ராம், பழைய கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்கிறார் கடைக்காரர். அதே காசுக்கு கோர் ஐ5-12400 வாங்கினால் 6 கோர், 16 ஜிபி ராம்தான் வருகிறது. "சர்வர்ல ஓடுற சாமான், உங்க வேலை எல்லாம் இதுக்குத் தூசு" என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: ஐ5 வாங்குங்கள். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம். காரணம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

ராத்திரி பசியோடு ஒரு தோசைக் கடைக்குள் நுழைகிறீர்கள். கடையில் பதினான்கு கல் எரிகிறது. (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்கிற ஒரு பகுதி, அதைத்தான் கல் என்கிறேன்.) கேட்டது ஒரு தோசை என்றால் அது ஒரு கல்லில்தான் வேகும், மீதி பதிமூன்று கல் எரிந்தால் உங்களுக்கு என்ன, எரியாவிட்டால் என்ன? உங்கள் கல் எவ்வளவு சூடாக இருக்கிறது, மாஸ்டர் கை எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் உங்கள் கணக்கு. நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தால் அது வேறு கதை, அன்றைக்குப் பதினான்கு கல்லும் போதாது. சர்வர் ப்ராசஸரைச் செய்ததே அந்தப் பந்திக்காகத்தான்.

இப்போது உங்கள் இரண்டு சாமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2680 வி4 வந்தது 2016-இல். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரு கோர் மட்டும் ஓடும்போது 3.3 வரை போகும். ஐ5-12400 வந்தது 2022 ஜனவரியில், 4.4 வரை போகும். அது மட்டுமில்லை, ஆறு வருட இடைவெளியில் ஒவ்வொரு துடிப்புக்கும் செய்து முடிக்கிற வேலையும் கூடிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ5 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரி, எல்லாக் கோரும் சேர்ந்து இழுத்தால்? அங்கேயும் 14 பழைய கோரும் 6 புதிய கோரும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்து நிற்கின்றன. அதாவது, கடைக்காரர் காட்டுகிற அந்த '28 த்ரெட்' (ஒரு கோருக்கு இரண்டு வேலை வரிசை என்கிற கணக்கு) என்கிற பெரிய எண்ணால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

வீடியோ வேலைக்கு இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐ5-12400-க்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் பகுதி உண்டு, அதில் வீடியோவைப் பிரிப்பதற்கும் சுருக்குவதற்கும் என்றே தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள், பெயர் குயிக் சிங்க். இப்போதைய கேமராக்கள் எழுதுகிற 10 பிட் 4:2:2 எச்265 என்கிற கனமான வகை வீடியோக் கோப்பைக்கூட அது நேரடியாகப் படிக்கும், டைம்லைனில் இழுத்தால் கையோடு வரும். இ5 ஜியானில் அந்தப் பகுதியே கிடையாது. சர்வருக்கு ஸ்கிரீன் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் கூடவே ஒரு பழைய கார்டைத் தள்ளிவிடுகிறார், படம் காட்டவாவது ஒன்று வேண்டுமே! வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: 12400 என்பதற்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதிலும் கிராஃபிக்ஸ் இல்லை. எஃப் இல்லாததையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கரண்ட். நம் ஊரில் இதைப் பேசாமல் கம்ப்யூட்டர் பேச முடியாது. 'மீ லா பியி', கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே கூச்சல் போட்ட பிறகுதான் எடிட்டிங்கில் உட்காருகிறவர்கள் நாம், மீதி நேரம் இன்வெர்ட்டர்தான். என் மேசையில் பிளக் மீட்டர் போட்டுப் பார்த்தேன்: ஜியான் பெட்டி சும்மா இருக்கும்போதே 70 வாட், முழு வேலையில் 200-ஐத் தாண்டுகிறது. ஐ5 பெட்டி சும்மா இருந்தால் 30-க்குள், வேலையில் 100-ஐ ஒட்டி. 12 வோல்ட் 100 ஆம்பியர் லெட்-ஆசிட் பாட்டரி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப்படி 1200 வாட்-மணி, ஆனால் பாட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், 600. மானிட்டருக்கு ஒரு 25 வாட் சேர்த்தால், எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஜியான் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் பாட்டரியைக் குடித்துவிடும், ஐ5 நாலே முக்கால் மணி தாங்கும். பெண் வீட்டார் விடிந்ததும் வந்து வாசலில் நிற்பார்கள் என்றால் இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிற ப்ராசஸர் பட்டியலில் 2680 வி4 இல்லை. குறுக்கு வழியில் போடலாம்தான், போட்டும் ஓடுகிறது, ஆனால் பிழைப்புக்கு வைத்திருக்கிற மிஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவு சொல்கிற நானும் ஒரு காலத்தில் இதே பேச்சைக் கேட்டு ஒரு ஜியான் செட் வாங்கினவன்தான். கடை பெயர் எதற்கு, விடுங்கள். வாங்கி எட்டாம் மாதம், கரண்ட் போய் வந்த ஒரு சாயங்காலம், போர்டு போய்விட்டது. பழைய போர்டில் கழற்றிய சிப்செட்டைப் புதுப் பலகையில் ஒட்டி விற்கிற வகை அது. அதே போர்டு பிறகு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ப்ராசஸரும் ராமும் நன்றாகத்தான் இருக்கின்றன, இன்னும் என் மேசை டிராயரில் ஒரு துணிக்குள் சுற்றிக் கிடக்கின்றன.

கேள்வி: மோல்மீனில் உளுந்து, பயறு கிடங்கு வைத்திருக்கிறோம். ஐந்து கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறார்கள், டேட்டா எல்லாம் ஒரே ஒரு மிஷினில் இருக்கிறது. அதற்கு சர்வர் ப்ராசஸர்தான் போட வேண்டும் என்கிறான் என் மருமகன். சரியா ஐயா?

பதில்: மருமகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஐந்து பேர் வரவு செலவு பதிவது ஒரு ப்ராசஸருக்கு வேலையே இல்லை. சாதாரண நாலு கோர் மேசைக் கணினி போதும், பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அவர் சொன்னதில் உண்மையான ஒரு அம்சம் உண்டு: சர்வர்களில் போடுகிற ஈசிசி ராம். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடவே 8 பிட் காவல் வைத்திருக்கும், ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடும், இரண்டு புரண்டால் திருத்த முடியாது ஆனால் சொல்லிவிடும். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம் குச்சிகளில் ஒரு பிழையாவது வந்தது என்று எழுதியிருந்தார்கள். பாங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் இது கட்டாயம் வேண்டும். உங்களுக்கு இருந்தால் நல்லது.

உங்கள் கணக்கைக் கெடுக்கப்போவது பிட் புரள்வது இல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று கரண்ட் போவது. ப்ராசஸருக்கு ஒதுக்கின காசில் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், கரண்ட் போய் அது மாறுகிற கண்ணிமைப்பு நேரத்தில் சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். தினமும் கிடங்கு பூட்டும் முன் டேட்டாவை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதே மேசையில் வைத்துவிட்டுப் போனால் வெள்ளமோ தீயோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மருமகனையே அதற்குப் பொறுப்பு ஆக்குங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். லினக்ஸ், நெட்வொர்க் கற்றுக்கொள்ள ஒரே மிஷினில் ஆறு, ஏழு வெர்ச்சுவல் மிஷின் ஓட்ட வேண்டும். கையில் காசு குறைவு. எல்லோரும் ஜியான் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: தம்பி, உனக்கு மட்டும் நான் ஜியான் வாங்கு என்பேன். வெர்ச்சுவல் மிஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கம்ப்யூட்டர், ஏழு என்றால் ஏழு பேர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஒவ்வொருவருக்கும் ஒரு கல் கிடைத்தால் போதும், சூடு குறைந்தாலும் பரவாயில்லை. முக்கியமாக ராம். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு டிடிஆர்4 ராம், மேசைக் கணினி ராமைவிட மலிவாகக் கிடைத்தால் 64 ஜிபி போட்டுக்கொள்ளலாம். லினக்ஸ் என்பதால் விண்டோஸ் 11 தொல்லையும் உனக்கில்லை.

ஆனால் பெயர் தெரியாத போர்டில் வாங்காதே. ஆபீஸ்களில் ஓட்டி விட்ட எச்பி இசட்440 அல்லது டெல் ப்ரிசிஷன் டி5810 கிடைக்கிறதா என்று தேடு, இரண்டும் இதே இ5 வி3, வி4 ப்ராசஸரை எடுத்துக்கொள்ளும். வி4 போட, போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும், விற்பவரிடம் கேட்டுக்கொள். பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனிக்கு என்றே செய்தது, போனால் தேடி அலைய வேண்டும், அது ஒன்றுதான் குறை. ராம் வாங்கும்போது 32 ஜிபி இரண்டாக வாங்காமல் 16 ஜிபி நாலாக வாங்கு. இந்த ப்ராசஸருக்கு மெமரிக்குப் போக நாலு வழி இருக்கிறது, இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழி சும்மா கிடக்கும். ப்ராசஸரைத் தனியாக வாங்கினால் மூடியில் பொறித்திருப்பதைப் படி. 'எஸ்ஆர்' என்று தொடங்கும் எண் இருந்தால் விற்பனைக்கு வந்தது. 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் சோதனைக்குக் கொடுத்த மாதிரி, தொடாதே.

மின்சாரம் மட்டும் மேலே ஸ்டுடியோக்காரருக்குச் சொன்ன அதே கதைதான். கரண்ட் இருக்கும்போது படி.

கேள்வி: எபிக், ரைசன் இரண்டில் எது பெரியது? சுருக்கமாகச் சொல்லவும்.

பதில்: எபிக் என்பது ஏஎம்டி கம்பெனியின் சர்வர் ப்ராசஸர், ரைசன் அதன் மேசைக் கணினி ப்ராசஸர். 2022-இல் ஏஎம்டி ஒரே ஜென் 4 வடிவமைப்பை வைத்து இரண்டையும் செய்தது. எபிக் 9654-இல் 96 கோர், 12 மெமரி வழி, 360 வாட், உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். ரைசன் 9 7950எக்ஸ்-இல் 16 கோர், 2 மெமரி வழி, உச்ச வேகம் 5.7. லாரி பெரிதா, பைக் வேகமா என்கிற கேள்வி இது. ஒரு வேடிக்கை சொல்கிறேன்: 2024-இல் வந்த எபிக் 4004 வரிசை, ரைசன் உட்காருகிற அதே ஏஎம்5 சாக்கெட்டில்தான் உட்காருகிறது. பெட்டியில் 'சர்வர்' என்று எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் நம்ம மேசைக் கணினிக் குடும்பம்தான்.

கேள்வி: பெகுவில் சிறுவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு மிஷினுக்கு மலிவாக வந்தது என்று 16 ஜிபி டிடிஆர்4 ராம் வாங்கினேன். சிலாட்டில் சரியாக உட்காருகிறது, ஆனால் ஸ்கிரீனே வரவில்லை. கடைக்காரர் உங்கள் போர்டுதான் கோளாறு என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: போர்டைக் கழற்றாதீர்கள் டீச்சர். ராமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். எட்டு என்றால் சாதாரண ராம். ஒன்பது இருந்தால் அது ஈசிசி, அந்த ஒன்பதாவதுதான் மேலே சொன்ன காவல்காரன். நடுவில் வேறு அளவில் இன்னொரு சின்னச் சில்லும் இருந்தால் ரெஜிஸ்டர்டு, இ5 ஜியான் மாதிரி சர்வர் ப்ராசஸர் போடுகிற போர்டில்தான் ஓடும். டிடிஆர்4-இல் இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் எந்தச் சிலாட்டிலும் உட்கார்ந்துவிடும், ஓடத்தான் ஓடாது.

ஸ்டிக்கரிலும் இருக்கிறது பாருங்கள். 'பிசி4-2400டி' என்று போட்டு ஒரு கோடு, அதற்குப் பிறகு வருகிற முதல் எழுத்து 'யூ' என்றால் உங்கள் வகுப்பு மிஷினுக்கு ஆகும், 'ஆர்' என்றால் ஆகாது. அதைக் கடைக்காரரிடம் விரலை வைத்துக் காட்டி மாற்றிக் கேளுங்கள். போகும்போது கண்ணாடியை மறக்க வேண்டாம், அந்த எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும்.